ஒத்துழைக்காத நோயாளி லைனா

லைனா கோர்பெலாவின் ஆஸ்பத்திரி ஃபைலில் "ஒத்துழைக்காத நோயாளி" என்று எழுதி வைத்திருந்தார்கள். முப்பது வருடமாக அவளுக்கு எதிர் வீட்டில் இருப்பவன் நான். பெயின்ட் டப்பாவில் "இருபத்து நான்கு மணி நேரம் தொடாதீர்கள்" என்று போட்டிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபத்து நான்கு மணி நேரமும் தொடாமல் இருப்பவள் அவள். அமெரிக்காவில் மிஷிகனின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் உள்ள ஒரே ஒரு நிறுத்தப் பலகையில், எதிரே பனியைத் தவிர வேறு எதுவும் வராத ஜனவரி மாதத்திலும் வண்டியை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவள் ஒத்துழைக்காதவள் என்றால் இந்த உலகத்தில் ஒத்துழைக்கிறவன் எவனும் இல்லை.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் கை திறக்காது. வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருந்தால்தான் ஒவ்வொரு விரலாகப் பிரியும். இருபது வருடத்தில் விரல்களின் அடிக்கணுக்கள் வீங்கி, உளுத்து, நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. ஒரே திசையில் காற்று அடிக்கிற ஏரிக்கரையில் மரங்கள் சாய்ந்து நிற்குமே, அப்படி. அந்தக் கைகளோடுதான் பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் நூற்று முப்பது பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றினாள். அகப்பையை விரல்களால் பிடிக்க முடியாது. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஊற்றுவாள்.

பாஸ்டர், "பொறுத்துக்கொள், இது சோதனை" என்றார். ஊர் டாக்டர், "வயசானால் அப்படித்தான்" என்றார். ஒருவர் கறுப்பு அங்கி, இன்னொருவர் வெள்ளை அங்கி, சொன்னது ஒன்றுதான். சுரங்க வேலைக்கு வந்து இங்கே குடியேறிய எங்கள் ஃபின்லாந்துக்காரர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் உண்டு, சங்கக் கூட்டம் நடக்கிற தொழிலாளர் ஹாலுக்குப் போகிறவர்கள் உண்டு. லைனா முதல் வகை, நான் இரண்டாவது வகை. அதனால் பாஸ்டர் சொன்னதை அவளிடம் கேலி செய்யாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"ஏன் லைனா, உங்க கடவுளுக்குச் சோதனை வைக்க இந்த ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா? சூப் ஊத்துறவ கையைத்தான் பிடிக்கணுமா?"

"உன் கையில வந்திருந்தா உனக்கும் ஒரு நன்மை இருந்திருக்கும், வெய்க்கோ. மேஜையைக் குத்திக் குத்திப் பேசுறதை நிறுத்தியிருப்ப."

அவள் அப்படித்தான். குறை மட்டும் சொல்ல மாட்டாள். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "பரவால்ல" என்பாள். அவள் புருஷன் டோய்வோ செத்த மறுநாள் கேட்டபோதும் "பரவால்ல" என்றுதான் சொன்னாள். எங்கள் ஆட்களிடம் இந்த நோய் பரம்பரையாக இருக்கிறது. முடக்குவாதத்தைச் சொல்லவில்லை. இந்தப் "பரவால்ல"வைச் சொல்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருடக் கடைசியில் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, "லைனா, அடுத்த செப்டம்பருக்குள்ள கையைச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லைன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். ஆகவே நூறு மைல் தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை என் வண்டியில் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் லாங்டன் என்று ஒரு கை அறுவை மருத்துவர். நெடுநெடு என்று உயரம், மெதுவான பேச்சு. அவள் கையைத் தன் கையில் வாங்கி, பறவைக் குஞ்சைப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தார்.

"கெட்டுப்போன மூட்டை எடுத்துட்டு, சிலிக்கான் ரப்பர்ல ஒரு சின்னக் கீல் வெப்போம். நாலு விரலுக்கும் நாலு. நம்ம மிஷிகன்லயே கண்டுபிடிச்சதுதான். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். பலம் பெருசா கூடாது. ஊறுகாய் ஜாடி மூடியைத் திருக முடியாது. விரல் நேராகும், திறக்கும், வலி குறையும். அவ்வளவுதான்."

"அவ்வளவா!" என்றாள் லைனா. அந்த "அவ்வளவுதான்" அவளுக்கு எவ்வளவு பெரிசு என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

அவளுக்கு வேலைக்கு வேண்டியது வலது கை. ஆனால் டாக்டர் முதலில் இடது கையைச் செய்தார். அது நன்றாக வந்தால் கோடையில் வலது கை. இன்சூரன்ஸ் கம்பெனியும் அப்படித்தான் எழுதியது: முதல் கையின் விளைவைப் பார்த்துவிட்டு இரண்டாவது கைக்கு அனுமதி.

ஜனவரியில் அறுவை நடந்தது. மூன்று மணி நேரம். தையல் பிரித்த பிறகு கோரா என்ற தெரபிஸ்ட் வந்து, வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டு இளக வைத்து, லைனாவின் முன்கையில் அமுக்கி, கையை அசையாமல் தாங்க ஒரு சிம்பு செய்தாள். அதன் மேலே ஒரு கம்பி வளைவு. அந்தக் கம்பியிலிருந்து நான்கு ரப்பர் வளையங்கள் தொங்கி, நான்கு விரல்களையும் கட்டைவிரல் பக்கமாக இழுத்துப் பிடித்தன. சதை ஆறுகிற ஆறு வாரத்தில் விரல் எந்தப் பக்கம் நிற்கிறதோ, அந்தப் பக்கமே கடைசிவரை நிற்குமாம். அதனால் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டளை. ஆறு வாரம் சிம்பைக் கழற்றக்கூடாது. நனையக்கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்ள வேண்டும்.

லைனா அந்தக் காகிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். கோரா அன்று விடுப்பு. வேறு யாரோ ஒரு பெண் சிம்பைக் கழற்றினாள். டாக்டர் லாங்டன் கோணமானியை வைத்து அளந்தார். முகம் வாடிவிட்டது. விரல்கள் இருபத்தைந்து டிகிரி சாய்ந்திருந்தன.

"சிம்பைக் கழட்டினீங்களா, லைனா?"

"இல்ல டாக்டர்."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல."

அவர் நம்பவில்லை. நம்பாததை வாயால் சொல்லவும் இல்லை. பேனாவை எடுத்து என்னவோ எழுதினார். திரும்பி வரும் வழியெல்லாம் லைனா தன் மடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான், "வருத்தமா இருக்கா?" என்றேன். "பரவால்ல. வலி இல்ல வெய்க்கோ. இருபது வருஷத்துல முதல் தடவையா வலி இல்ல" என்றாள். அது பொய்யில்லை. வழியில் ஒரு கடையில் காப்பி வாங்கினோம். கப்பின் காதுக்குள் விரலை விட்டு, ஒற்றைக் கையால் தூக்கிக் குடித்தாள். குடித்துவிட்டுக் கப்பை வைக்கவே மனம் வராமல் காலிக் கப்பைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. நான் கூட்டுறவுக் கடையில் இறைச்சிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன். அவள் வந்து கடிதத்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் கையின் விளைவு திருப்தியாக இல்லை. நோயாளி மருத்துவ அறிவுரைக்கு ஒத்துழைக்கவில்லை. எனவே வலது கை அறுவைக்கு அனுமதி இல்லை.

"எவன் எழுதினது இதை?" நான் கத்தியைக் கீழே வைத்தேன். "உன்னையா ஒத்துழைக்கலன்னு சொல்றான்?"

"கத்தாத. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்! நல்லா பாக்கட்டும்! அந்த ரப்பர் கீலு மட்டமான சரக்கு. மட்டமான சரக்கை ஏழைங்க கையில வெச்சுத் தெச்சுட்டு, பழியை மட்டும் நம்ம தலையில போடுறாங்க. ராத்திரி ஹால்ல பேசுறேன். பேப்பருக்கு எழுதுறேன். அந்தக் கம்பெனியை..."

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நான் சௌனாவுக்குப் போனேன்."

எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் சௌனாவுக்குப் போகாதவர் யார்? அந்தச் சூடான மர அறையில் உட்கார்ந்து வியர்த்து, கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி பிடித்து வந்தால்தான் எங்களுக்கு வாரம் முடியும். பிள்ளை பெற்ற மூன்றாம் வாரமே போவார்கள்.

"போனா என்ன?"

"சிம்போட போனேன்."

"சிம்போடயா?"

"கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே! நனையக் கூடாதுன்னாங்க, அதுக்கு ரொட்டிப் பையைக் கட்டிக்கிட்டேன். உன் கடை ரொட்டிப் பைதான். கம்பி சுடும்னு மேல ஈரத்துணி சுத்தினேன். பத்து நிமிஷம்தான் உக்காந்திருப்பேன். பாத்தா, சிம்பு பிசைஞ்ச மாவு மாதிரி தொளதொளன்னு ஆயிருச்சு. அப்படியே சுண்டுவிரல் பக்கமா சரிஞ்சுருச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வெளியே வந்து இந்தக் கோணக் கையால அமுக்கி, பழைய மாதிரி வளைச்சு, பனியில குத்தி வெச்சேன். கல்லு மாதிரி இறுகிருச்சு. பாக்க முன்ன மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா கொஞ்சம் சாஞ்சுதான் இருந்திருக்கு போல."

"அதை டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"கழட்டினியான்னு கேட்டாரு. கழட்டலன்னு சொன்னேன். அதைத் தவிர அவர் எதுவும் கேக்கலையே."

ரப்பர் மட்டம் என்று அரை மணி நேரம் முழங்கத் தயாராக இருந்தவன் நான். லைனா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே சத்தம் போடுறதுல நீயும் பாஸ்டரும் ஒண்ணுதான் வெய்க்கோ. அவருக்காவது ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

அந்த அடி எனக்கு வேண்டியதுதான். ஆதாரம் வேண்டும், ஆதாரம் வேண்டும் என்று ஹாலில் பேசிப் பேசியே முடி நரைத்தவன், ஆதாரம் இல்லாமல் ஒரு கம்பெனியைத் தூக்கில் போடப் பார்த்தேன். அதனால் அடுத்த நாளே ஆதாரம் தேடினோம். லைனா பழைய சிம்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். எங்கள் ஆட்கள் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். என் சௌனாவை மூட்டி, சுவரில் இருந்த ஃபாரன்ஹீட் வெப்பமானிக்குப் பக்கத்தில் ஆணியடித்துச் சிம்பை மாட்டினேன். அவள் வெளி அறையில் நோட்டோடு உட்கார்ந்தாள். நான் உள்ளேயிருந்து கத்துவேன், அவள் எழுதுவாள்.

"நூத்தி நாப்பது! ஒண்ணும் ஆகல!"

"எழுதிட்டேன்!"

"நூத்தி அம்பத்தஞ்சு! ஓரம் தொங்குது!"

"எவ்வளவு தொங்குது?"

"ஒரு விரக்கடை!"

"யார் விரலு? உன்னுதா, என்னுதா?"

நூற்று அறுபத்தைந்தில் நான் சுண்டுவிரலால் லேசாகத் தள்ளினேன். கம்பி வளைவு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. நாங்கள் சனிக்கிழமையில் உட்காருகிற சூடு நூற்றெண்பதுக்குக் குறையாது.

என் வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்ததும், "சரி, புறப்படு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"நான் வரல."

"ஏன்?"

"அந்த மனுஷன் மூணு மணி நேரம் கால் கடுக்க நின்னு எனக்குச் செஞ்சிருக்காரு. வலி போச்சு. கப்பைப் பிடிக்கிறேன். பட்டன் போடுறேன். அவர்கிட்டப் போய் நின்னு, 'உங்க காகிதத்துல ஓட்டை இருக்கு'ன்னு சொல்லணுமா? நான் என்ன நன்றி கெட்டவளா?"

"அப்போ உன் வலது கை?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"செப்டம்பர்ல வேலை?"

அவள் மணிக்கட்டால் மேஜையிலிருந்த ரொட்டித் துணுக்குகளைத் துடைத்தாள். அவளுக்கு இருந்த ஆசையே அந்தச் சமையலறைதான் என்பது எனக்குத் தெரியும். டோய்வோ போன பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த நூற்று முப்பது பேர்தான் இருந்தார்கள்.

நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "நன்றி வேற, வாயை மூடிக்கிறது வேற லைனா. நீ சொல்லலன்னா அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. அவர் இதே காகிதத்தை அடுத்தவளுக்குக் கொடுப்பாரு. அவளும் சனிக்கிழமை ரொட்டிப் பையைக் கட்டிக்கிட்டுப் போவா. அவருக்கு நன்றி செய்யணும்னா நடந்ததைச் சொல்லு."

அவள் எழுந்து போய் டெலிபோனை எடுத்தாள். பக்கத்து ஊரில் ஐலி நிஸ்கனென் என்று ஒருத்தி, இரண்டு வருடம் முன்பு இதே அறுவை செய்துகொண்டவள். அவளுக்கும் விரல் சாய்ந்துவிட்டது என்று லைனாவுக்குத் தெரியும்.

"ஐலி, ஒண்ணு கேக்குறேன், சிரிக்காத. அந்தச் சிம்போட நீ சௌனாவுக்குப் போனியா?"

எதிர்முனையில் ஐலி போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "பின்ன? கழட்டக் கூடாதுன்னாங்களே!"

லைனா டெலிபோனை வைத்தாள். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் அகப்பட்டவள் கோரா. லைனா மேஜைமேல் சிம்பையும் நோட்டையும் வைத்துவிட்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி நின்றாள். கோரா நோட்டைப் படித்தாள். சிம்பைத் திருப்பிப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நாங்க இதை இளக வைக்கிற தண்ணியே நூத்தி அறுபதுதான். ஐயோ லைனா! நீங்க அடுப்புக்குள்ளயே போய் உக்காந்திருக்கீங்க."

"நீங்க சௌனான்னு எழுதலையே" என்றாள் லைனா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"நான் டெட்ராய்ட்காரிம்மா. சௌனாவை நான் கண்டேனா?"

பிறகு கோரா எழுந்து போய் ஒரு இழுப்பறையைத் திறந்தாள். டாக்டர் லாங்டன் ஒன்பது வருடமாகச் செய்த கைகள் எல்லாவற்றின் விளைவையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தார். வலி, கோணம், பிடி, நோயாளியின் திருப்தி, எல்லாம் கட்டம் போட்டு. அறுபத்திரண்டு கைகள். அதில் விரல் மறுபடி சாய்ந்தவை பதினான்கு. கோரா அந்தப் பதினான்கு பெயர்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். நிஸ்கனென். கோர்பெலா. ஹாப்பனென். லெஹ்தோ. பதினான்கில் ஒன்பது எங்கள் ஆட்கள்.

அந்த நேரத்தில் டாக்டர் லாங்டன் உள்ளே வந்தார். கோரா பட்டியலைக் காட்டினாள்.

"தெரியும்" என்றார் அவர். "இந்த ஃபின்லாந்து ரத்தத்துல இந்த நோய் கொஞ்சம் கடுமையா வருது. கட்டுரையிலகூட அப்படித்தான் எழுதியிருக்கேன்."

என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ரத்தமா டாக்டர்? ஒம்பது பேரோட ரத்தத்தைப் பத்திக் கட்டுரை எழுதினீங்க. அதுல ஒருத்திகிட்டயாவது சனிக்கிழமை சாயங்காலம் நீ எங்கே இருந்தேன்னு கேட்டீங்களா? உங்க காகிதத்துல என்ன இருந்துச்சோ அதை எழுத்துப் பிசகாம செஞ்சிருக்கா இவ. கழட்டல, நனைக்கல, பை கட்டிக்கிட்டா. இவ ஒத்துழைக்காதவளா?"

லைனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவர்மேல கத்தாத" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "டாக்டர், இவன் பேச்சை விடுங்க. உங்க கை நல்ல கை. எனக்கு வலி போயிருச்சு. ஆனா இவன் சொல்றது நெசம். சிம்புதான் இளகிருச்சு. ரப்பர் மேல குத்தம் இல்ல, ரத்தத்து மேலயும் இல்ல. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல" என்றாள்.

டாக்டர் லாங்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்து, நூற்று நாற்பதிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதை யார் எழுதினது?"

"நான்தான். எழுத்து கோணலா இருக்கும்."

"அழகா இருக்கு" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன். அதிகாரத்தில் இருக்கும் மனிதன் தன் தப்பை ஒப்புக்கொள்வதை என் அறுபது வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? சுரங்க முதலாளிகளிடம் பார்த்ததில்லை, பாஸ்டரிடம் பார்த்ததில்லை. ஹாலில் எங்கள் தோழர்களிடமும் அபூர்வம்தான். அவர் ஒப்புக்கொண்டார். அவள் ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, "ஒத்துழைக்காத நோயாளி" என்ற வரிக்குக் கீழே தன் கையால் எழுதி எங்களிடம் படித்தும் காட்டினார்: "மேலே எழுதியது தவறு. நோயாளி எல்லா அறிவுரைகளையும் அப்படியே பின்பற்றினார். அறிவுரையில்தான் குறை இருந்தது. குறை எங்களுடையது."

அந்த ஒன்பது பேரில் மற்ற எட்டுப் பேருக்கும் கோரா அந்த வாரமே டெலிபோன் செய்தாள். ஆறு பேர் சிம்போடு சௌனாவுக்குப் போனவர்கள். ஒருத்தி உள்ளே போகும் முன் சிம்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இன்னொருத்தி, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று வைத்துவிட்டாளாம். ஆறு வருடமாகக் கை கோணினது தன்னால்தான், தன் ரத்தத்தால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஹாப்பனென் அம்மாள் டெலிபோனிலேயே அழுதிருக்கிறாள். அந்த அழுகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கொதிக்கிறது. அறியாமை யாருக்கும் வரும். ஆனால் தெரியாததற்கு "ரத்தம்" என்று ஒரு பெயர் வைத்துப் பெட்டியை மூடிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அது எத்தனை பேரைச் சும்மா கூனிக் குறுக வைத்திருக்கிறது!

இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு கடிதம் கேட்டது. டாக்டர் மூன்று எழுதினார். ஜூன் கடைசியில் அனுமதி வந்தது. ஜூலை இரண்டாம் வாரம் லைனாவுக்கு வலது கை அறுவை நடந்தது. இந்தத் தடவை கோரா கொடுத்த காகிதத்தில் நான்காவதாக ஒரு வரி இருந்தது: "ஆறு வாரத்துக்குச் சௌனா கூடவே கூடாது." ஆறு சனிக்கிழமையும் லைனா தன் சௌனாவின் வாசற்படியில், கதவைச் சாத்திவிட்டு, வாளித் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டாள். எங்கள் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று எங்களுக்குத்தான் தெரியும். நான் என் சௌனாவிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வரும்போது அவள் எதிர்ப் பக்கத்திலிருந்து கத்துவாள்: "நல்லா இருந்துச்சா, பாவி?"

ஆறாவது வாரம் டாக்டர் அளந்தார். ஐந்து டிகிரி.

செப்டம்பரில் அவள் வேலைக்குப் போனாள். டாக்டர் முதல் நாளே சொன்னதுபோலப் பலம் கூடவில்லை. பெரிய பாத்திரத்தை இன்னொரு பெண்தான் தூக்கி வைப்பாள். துடைக்கும் துணியை இன்றைக்கும் அவளால் முறுக்கிப் பிழிய முடியாது. ஆனால் கோரா பஞ்சுக் குழாய் சுற்றிக் கொடுத்த அகப்பையை வலது கை விரல்களாலேயே பிடித்து ஊற்றினாள். அது மட்டுமல்ல, வாங்கிப் போகிற பிள்ளையின் தட்டை இடது கை பிடித்துக்கொடுத்தது. ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் அப்படியே ஊற்றினாள். பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் லைனாவின் கைகளைத் தொட்டார் என்று பேசினாராம். அவள் வெளியே வரும்போது அவரிடம், "ஆண்டவர் தொட்டிருப்பாரு பாஸ்டர், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா டாக்டர் லாங்டன் மூணு மணி நேரம் தொட்டாரு, கோரா ஒரு வருஷம் தொட்டா. அவங்க பேரையும் ஜெபத்துல சேர்த்துக்குங்க" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சர்ச்சுக்குப் போகிற ஒருத்தி சொன்னதில் என் மனதுக்குப் பிடித்த ஒரே ஜெபம் அது.

டாக்டர் தன் கட்டுரையைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். ரத்தத்தைப் பற்றிய பத்தி அதில் இல்லை. இப்போதும் வருடத்துக்கு ஒரு தடவை லைனாவை அளப்பதற்குக் கூப்பிடுகிறார்கள், நான்தான் கூட்டிப்போகிறேன். போன வருடம் எக்ஸ்ரேயில், இடது கை நடுவிரலின் ரப்பர் கீல் இரண்டாக உடைந்திருப்பது தெரிந்தது. எப்போது உடைந்தது என்று அவளுக்கே தெரியாது. வலியும் இல்லை. "உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது, அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். ஆனா உடைஞ்சதுன்னு எழுதிக்குங்க" என்றாள்.

அன்றைக்கே கோரா கோணமானியை அவள் இடது கையில் வைத்து, அன்போடு, "போன வருஷம் மாதிரியேதான் இருக்கு லைனா. இருபத்தஞ்சு" என்றாள்.

லைனா தன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, குனிந்து கோடுகளைப் பார்த்தாள்.

"இல்லம்மா. இருபத்தேழு. எனக்காகக் குறைக்காத. இருபத்தேழுன்னே எழுது."

கோரா எழுதியிருந்த இருபத்தைந்தை அடித்துவிட்டு இருபத்தேழு என்று எழுதினாள்.